வெட்டிய முகம் மங்குவதற்குள்

"டீச்சர், காலியத்தை எப்போ தண்ணியில போடுவீங்க?" படிவம் 4-இல் ஆண்டு தொடங்கியதுமே இந்தக் கேள்வி வந்துவிடும். மலாய்ப் பாடநூல் சோடியத்தை நத்ரியம் என்றும் பொட்டாசியத்தைக் காலியம் என்றும் சொல்கிறது. அதனால் பொட்டாசியத்துக்கு ஏன் 'கே' என்று குறியீடு வந்தது என எங்கள் பிள்ளைகள் குழம்புவதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிக் கிள்ளான் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேதியியல் நடத்துகிறேன். பிள்ளைகள் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். நான் முதலில் காட்டுவது காற்றை. பாராஃபின் எண்ணெயிலிருந்து சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியை வைத்து அழுத்துவேன். ஆறிய பால்கோவாவை வெட்டுவது போல இறங்கும். வெட்டிய முகம் வெள்ளியாய் மின்னும். "கண்ணை எடுக்காதீங்க" என்பேன். காலை எட்டு மணிக்கே கழுத்து வியர்க்கிற ஊர் இது. அந்த ஈரக்காற்றில், பின்வரிசைப் பிள்ளை முன்னால் வந்து சேர்வதற்குள் மினுமினுப்பு மங்கத் தொடங்கிவிடும். முதலில் ஆக்சைடு, பிறகு ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு, அதுவும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கடைசியில் கார்பனேட். வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும்.

லித்தியத்தின் தொல்லை வேறு. அதன் அடர்த்தி 0.53தான். தண்ணீரில் மட்டுமல்ல, எண்ணெயிலும் மிதக்கும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் பகுதி கறுத்துவிடும். கார உலோகங்களில் இது ஒன்றுதான் சாதாரண வெப்பத்திலேயே காற்றின் நைட்ரஜனோடும் சேரும்.

தண்ணீர்ச் சோதனையை எல்லாரும் அறிவார்கள். லித்தியம் நிதானமாகக் குமிழிடும். சோடியம் 98 டிகிரியிலேயே உருகுவதால், தன் சூட்டில் தானே உருண்டையாகி நீர்மேல் ஓடும். பொட்டாசியம் இளம் ஊதாச் சுடரோடு தெறிக்கும். அணு பெரிதாகப் பெரிதாகக் கடைசி எலக்ட்ரானின் பிடி தளர்கிறது என்பதே இந்த வரிசைக்குக் காரணம். ஆனால் பெரிய துண்டு ஏன் வெடிக்கிறது என்பதை நான் பல ஆண்டுகள் அரைகுறையாகத்தான் சொல்லித்தந்திருக்கிறேன். ஹைட்ரஜன் தீப்பிடிப்பதால் என்று சொல்லி முடித்துவிடுவேன். 2015-இல் பிராகாவின் பாவெல் யுங்விர்த், பிலிப் மேசன் குழுவினர் சோடியம்-பொட்டாசியக் கலவைத் துளி நீரைத் தொடுவதை அதிவேகக் கேமராவில் படமெடுத்து வெளியிட்டார்கள். மில்லிநொடிக்கும் குறைந்த நேரத்தில் துளியிலிருந்து முட்கள் முளைத்தன. எலக்ட்ரான்கள் அவ்வளவு வேகமாக நீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி உலோகத்தையே பிய்த்துவிடுகின்றன. அதைப் படித்த பிறகு வகுப்பில், முன்பு சொன்னது முழுமையில்லை என்று சொல்லிவிட்டுத் திருத்தி நடத்தினேன்.

ஆனால் இந்தத் தொழிலில் நான் பயந்த நாளில் தண்ணீரே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலமாரியின் பின்னாலிருந்து பழைய பொட்டாசியக் குப்பி ஒன்றை எடுத்தேன். எண்ணெய் பாதி வற்றியிருந்தது. துண்டுகளின் மேல் மஞ்சள் படிவு. சுரண்டினால் போதும் என்று கத்தியை எடுத்துவிட்டேன். "வேணாம்மா, கீழ வைங்க" என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

அந்த மஞ்சள், பொட்டாசியம் சூப்பராக்சைடு. மூடி சரியாக இறுகாத குப்பிக்குள் காற்று மாதக்கணக்கில் செய்து வைத்த வேலை. கத்தி அந்தப் படிவை அடியிலிருக்கும் உலோகத்தோடும் எண்ணெயோடும் சேர்த்து அழுத்தினால் கையிலேயே வெடிக்கலாம். மாணவர் முன்னால் நான் செய்திருப்பேன் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. குப்பியை அப்படியே அபாயக் கழிவாக ஒப்படைத்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு குப்பியிலும் திறந்த தேதியை என் கையாலேயே எழுதி ஒட்டுகிறேன். மஞ்சள் தெரிந்தால் திறப்பதே இல்லை.

அண்ணன் சொல்லித்தந்த இன்னொன்று வடிதாள். ஒற்றிய தாளில் கடுகளவு உலோகம் ஒட்டியிருக்கும். ஈரக்கை துடைத்த காகிதங்களோடு அது குப்பைத்தொட்டியில் விழுந்தால், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு தீப்பிடிக்கும். அதனால் சோடியத் துணுக்குகளையும் தாள்களையும் புரோபனாலில் போட்டுக் குமிழ் அடங்கும் வரை காத்திருப்போம். ஒவ்வொரு மேசைக்கும் தாள்களை எண்ணித்தான் கொடுப்பேன். மணி அடித்தாலும் சரி, அத்தனையும் திரும்பி வந்து சேர்ந்த பிறகுதான் பிள்ளைகளை வெளியே விடுவேன்.