மதிலுக்குள் நிற்கும் காரணம்

இடவப்பாதி மழை இறங்கும் முதல் ராத்திரியே திருவனந்தபுரத்தில் பாதித் தெருக்களில் கரண்ட் போய்விடும். கரமனையானாலும் வலியசாலையானாலும் வாசலுக்கு வாசல் ஒரே பேச்சுதான்: "இடுக்கியில் அவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே, பிறகு ஏன் கரண்ட் இல்லை?" புழுக்கத்தில் குழந்தை வீறிடும்போது வரும் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 780 மெகாவாட் இடுக்கி நீர்மின் நிலையத்துக்கும் நம் தெரு இருட்டுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. காரணம் பெரும்பாலும் நம் மதிலுக்குள்ளேயே நிற்கும்.

ஐந்து சென்ட் மனையிலும் ஒரு பலா, ஒரு மா, இரண்டு தென்னை வைக்கிற ஊர் இது. அந்தப் பச்சைக்கு நடுவேதான் பல தெருக்களில் 11 கேவி லைன் வெறும் கம்பியாக ஓடுகிறது. நனைந்த ஓலை ஒன்று அதில் சாய்ந்தால் போதும். கரண்ட் மரம் வழியாக மண்ணுக்கு இறங்கும், சப்ஸ்டேஷனில் பிரேக்கர் விழும், அந்த ஃபீடர் லைனை நம்பியிருக்கும் அத்தனை வீடுகளும் அணையும்.

எந்தக் கம்பத்தில் கோளாறு என்பதைப் பிரேக்கர் சொல்லாது. லைன்மேன்கள்தான் மழையில் டார்ச்சோடு கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஒரு ஸ்விட்சைத் திறந்து லைனைப் பாதியாகப் பிரித்து, இந்தப் பக்கம் பிரேக்கர் நிற்கிறதா, அந்தப் பக்கம் விழுகிறதா என்று சோதிப்பார்கள். விழும் பக்கத்தை மறுபடி பிரிப்பார்கள். ஓலை என்றால் கண்ணில் பட்டுவிடும். இன்சுலேட்டர் என்றால் பாடுதான். போன துலாமழையில் இடி விழுந்த மறுநாள், எங்கள் தெருக் கம்பத்திலிருந்து கழற்றிய ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழுப்புப் பீங்கான், நல்ல கனம், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. லைன்மேன் நகத்தால் தடவி ஒரு கோட்டைக் காட்டினார்; மயிரிழைகூட அதைவிடத் தடிமன். வெயிலில் தாங்குமாம், நனைந்தால் கசியுமாம். அந்தக் கோட்டைத் தேடித்தான் அவர்கள் ராத்திரி முழுக்க நடந்திருக்கிறார்கள்.

சங்குமுகம், வலியதுறைப் பக்கம் உப்புக்காற்று கம்பியை அரிக்கிறது. கோடையில் வேறு கதை. 2024 மே மாதம் மாநிலத்தின் உச்சத் தேவை 5,797 மெகாவாட்டைத் தொட்டது. ஏசிகளின் சுமை தாங்காமல் டிரான்ஸ்ஃபார்மர்கள் பழுதாயின. அதற்கு மின்வாரியம் பதில் சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்களைக் கூட்டுவதும், வெறும் கம்பியை உறையிட்ட கம்பியாக மாற்றுவதும் அவர்கள் கடமை.

மரம் நம் கடமை. மழைக்கு முன் லைனைத் தொடும் கிளைகளைக் கழிப்பதற்கு இங்கே 'டச்சிங் வெட்டு' என்று பெயர். அதற்காகப் பகலில் கரண்டை நிறுத்தினால் முணுமுணுக்கிறோம். பலாக் கிளையில் கை வைக்கக்கூடாது என்று கேட்டைப் பூட்டும் வீடுகளும் உண்டு. காய்க்கிற மரத்தின் மேல் பிரியம் இருக்கட்டும். ஆனால் அந்தக் கிளைக்காக நள்ளிரவில் கம்பத்தில் ஏறுகிறவன் உயிர் அதைவிடப் பெரியது. இன்னொன்று: வீட்டு ஜெனரேட்டரைச் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் இணைத்தால், அணைத்து வைத்த லைனிலும் கரண்ட் ஏறி அவனைக் கொல்லும்.

2018 நவம்பரில் கஜா புயல் தமிழ்நாட்டில் கம்பங்களைச் சாய்த்துப்போட்டபோது, நிமிர்த்திக் கொடுக்கக் கேரளத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். நம் தெருக் கம்பத்தில் ஏறுகிறவர்களும் அதே வேலைக்காரர்கள்தான்.

அறுந்த கம்பியைக் கண்டால் பக்கத்தில் போகாதீர்கள், மற்றவரையும் விடாதீர்கள், 1912-க்குக் கூப்பிடுங்கள். வருகிற கோடையில் லைன்மேன்கள் அரிவாளோடு டச்சிங் வெட்ட வந்தால், தயவுசெய்து கேட்டைத் திறந்து விடுங்கள்.