கல்லமேட்டில் கரைந்த பேருடல்

பொள்ளாச்சி வட்டாரத்தில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டாலும் டைனோசர் எலும்பு ஒன்றுகூட மேலே வராது. தென்னந்தோப்புகளுக்கு அடியில் கிடப்பது பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் முதல் டைனோசர்கள் நடமாடத் தொடங்கியபோதே அது பழம்பாறைதான். எலும்பு கல்லாக வேண்டுமென்றால் வண்டல் படிந்த நிலம் வேண்டும். அப்படிப்பட்ட நிலத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. தாராபுரம், கரூர், திருச்சி தாண்டினால் அரியலூர் வந்துவிடும்.

அரியலூர் என்றதும் பலருக்கு சிமென்ட் ஆலைகள்தான் நினைவுக்கு வரும். அந்த ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லே பழைய கடலின் மிச்சம். கிரெட்டேசியக் காலத்தில் கடல் அங்கே உள்ளே ஏறுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் வயல்வெளியிலேயே கிடைக்கின்றன. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரமே 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது.

இந்த மண்ணில்தான், கல்லமேடு கிராமத்தை ஒட்டி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு பேருயிரின் எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் ஒரு துண்டு, கீழ்க்கால் எலும்பு, முன்கால் எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே 1.55 மீட்டர்தான். 1987-இல் இருவரும் இதற்கு பிருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். திருச்சி வட்டாரத்து டைனோசர் எச்சங்களைப் பற்றி 1929-இலேயே எழுதிய ஆங்கிலேயர் மேட்லியின் நினைவாக வைத்த பெயர் அது.

முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட இந்த விலங்கு, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்பது பிறகு தெளிவானது. அது வாழ்ந்தது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. டாப்ஸ்லிப் பக்கத்துக் கோழிகமுத்தி முகாமில் நிற்கும் கொம்பன் யானைகளைப் போல இருபதுக்கும் மேல் சேர்த்து நிறுத்தினால்தான் அந்த எடை வரும். நிலத்தில் நடந்த உயிர்களில் மிகப் பெரியது என்ற பெயருக்கு நம் அரியலூர்க்காரருக்கும் உரிமை உண்டு.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தவற்றுக்குச் சாந்துக் கட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆய்வகம் போய்ச் சேருமுன் கட்டுக்குள்ளேயே அவை நொறுங்கிவிட்டன. எலும்பே இல்லாததால், அது கல்லான மரமாக இருக்குமோ என்ற ஐயம்கூட எழுந்தது. சாத்தனூர் இருக்கும் வட்டாரத்தில் அப்படிச் சந்தேகப்பட்டதில் தவறில்லை. தோண்டிய இடத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை 2022-இல் அய்யாசாமியும் சௌரப் பாலும் வெளியிட்ட பிறகுதான் எலும்பு என்ற தரப்புக்கு வலுக் கூடியது. உலகச் சாதனை ஒன்று சில படங்களையும் ஒரு கட்டுரையையும் நம்பி நிற்பதை எண்ணினால் மனம் கனக்கத்தான் செய்கிறது.

யாதகிரியும் அய்யாசாமியும் 1979-இல் இன்னொரு விலங்குக்குத் திராவிடோசாரஸ் என்று பெயரிட்டிருந்தார்கள். முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் குடும்பம் என்றார்கள். மற்ற இடங்களில் அக்குடும்பம் அதற்கு வெகுகாலம் முன்பே அற்றுப்போயிருந்ததால் உலகமே திரும்பிப் பார்த்தது. 1996-இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் இது கடலில் நீந்திய பிளீசியோசாரின் எலும்பு என்று மறுத்தார்கள். 2017-இல் கால்டனும் அய்யாசாமியும் மீண்டும் ஸ்டெகோசாரஸ் கட்சிக்கே வாதாடினார்கள். டி. ரெக்ஸ் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த வழக்கையும் சொல்ல வேண்டும். அறிவியல் எப்படி வாதாடி நகர்கிறது என்பது இதில் அத்தனை நன்றாகத் தெரிகிறது. 2020-இல் குன்னம் பகுதியில் டைனோசர் முட்டை கிடைத்துவிட்டதாகப் படங்கள் பரவியதும், அவை அம்மோனைட்டோடு தொடர்புடைய உருண்டைக் கற்கள் என்று தெரிந்ததும் அதே பாடத்தின் இன்னொரு பக்கம்.

கல்லமேடு அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. ராட்சத எலும்புக்குப் பிறகு அங்கே பேசப்பட்டது ஒரு சின்னஞ்சிறு பல். இத்தகைய எச்சங்களைத் தேடுகிறவர்கள் மண்ணை நீரில் அலசி, சல்லடையில் சலித்து, மிஞ்சும் துணுக்குகளை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்கள். அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்டோர் 2013-இல் அந்தப் பல்லை ட்ரூடான்டிட் வகை டைனோசருடையது என்று அறிவித்தார்கள். பறவைகளுக்கு நெருங்கிய உறவான இந்தச் சிறு வேட்டையாடிகள் அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தன. அதே படிவத்தில் முதலை இனப் பற்களும் கிடைத்தன. மடகாஸ்கரில் வாழ்ந்த சிமோசூகஸ் என்ற மொண்ணை மூக்கு முதலைக்கு அவை நெருங்கிய சொந்தம்.