பால்வீதிக்கு அப்பால்

மார்கழி முன்னிரவில், நிலவில்லா நாளில், திருவெள்ளறையில் நின்று வடக்கே நோக்குவோம். தெற்கே திருச்சியின் மின்னொளி வானத்தை வெளுக்கச் செய்தாலும் வடபுறம் இன்னும் சற்று இருண்டே இருக்கிறது. அங்கே பஞ்சுத் துணுக்குப்போல் ஓர் ஒளித்தடம். கூரிய கண்ணுக்கே புலப்படும். அதுதான் ஆந்திரோமேதா.

நம் பால்வீதிக்குள் அடங்கிய வாயுமேகம் என்றே அதனை அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். 1923-இல் அமெரிக்காவின் வில்சன் மலையிலிருந்து ஹபிள் என்பார் அதனுள் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அத்தகைய விண்மீனின் துடிப்புக் காலத்தைக் கொண்டு அதன் உண்மை ஒளியைக் கணிக்கலாம் என்பதை ஹென்றியேட்டா லெவிட் அம்மையார் 1912-இலேயே காட்டியிருந்தார். உண்மை ஒளியும் காணும் ஒளியும் தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடுமன்றோ? கணக்கிட்டபோது அது பால்வீதிக்கு வெகு அப்பால், தனியொரு விண்மீன் திரளாக நின்றது. இன்றைய கணிப்பில் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவு!

“சாமி, இத்தனை பெரிய அண்டத்தில் கடவுள் நம்மைக் கவனிப்பாரா?” என நம் பங்கு இளைஞர் வினவுகின்றனர். தொலைநோக்கி அறியாத எட்டாம் திருப்பாடலின் ஆசிரியரும் இதே வியப்பில் நின்றவரே. ஆயினும் விடைக்காக வானியலைச் சாட்சிக்கு இழுக்க நாம் தயங்குகிறோம்.

திரள்கள் விலகிச் செல்வது அண்டத்தின் விரிவினால் என்று 1927-இல் எழுதியவர் பெல்ஜிய நாட்டுக் குரு ஜார்ஜ் லெமேத்தர். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இப்புதிய வானியலைப் படைப்புக்குச் சான்றாகக் கொண்டு பேசினார். லெமேத்தருக்கு அது உவப்பாயில்லை. தம் கோட்பாடு சமய வினாக்களுக்குப் புறம்பானது என 1958-இல் அவர் வெளிப்படையாகவே கூறினார். 2018-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம், ஹபிள் விதியை ஹபிள்–லெமேத்தர் விதி என வழங்கப் பரிந்துரைத்தது.