கசெட்டின் கடைசி இரண்டு நிமிடம்

மூத்தாப்பா கசெட்டைப் பாட்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாடா என்றுதான் சொல்வார். "நாடாவ நிப்பாட்டு மனே, வாங்கு சொல்லப் போகுது" என்பார். பாட்டு என்ற சொல்லை அவர் வேறொன்றுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். அது என்னவென்று எனக்கு விளங்கியது 1983 மார்ச்சில், பத்து வயதில், கல்முனைக்குடிக் கடற்கரையில்.

அதற்கு முதல் வருசம் சாச்சா குவைத்திலிருந்து ஒரு நேஷனல் பனாசோனிக் ரேடியோ கசெட் கொண்டு வந்திருந்தார். இறக்காமத்தில் எங்கள் வளவுப் பக்கம் அப்போது கரண்ட் இல்லை. ஆறு பெரிய பட்டரி போட வேண்டும். உம்மா முட்டை விற்ற காசை முந்தானையில் முடிந்து வைத்திருந்து பட்டரிக்குத் தருவா. பட்டரி இறங்கினால் பாட்டு இழுபடும். பாடுகிறவருக்கு நித்திரை வந்ததுபோல் குரல் தடித்துத் தாழும். உடனே கழற்றி, நெல் காயும் பாயின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிடுவேன். மத்தியான வெயில் பட்ட பட்டரி அன்றிரவு இன்னும் நாலு பாட்டுக்குத் தாங்கும். நெல்லைக் கோழி கொத்தாமலும் பட்டரி உருண்டு போகாமலும் பார்ப்பது என் வேலை.

யார் வீட்டில் எந்த மாடு கறக்கிறது என்று தெரிவதுபோல, யார் வீட்டில் எந்தக் கசெட் கிடக்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். ஒன்று கொடுத்து ஒன்று வாங்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது முதலிலிருந்து ஓடும்படி சுத்திக் கொடுக்க வேண்டும். அதற்குப் பட்டரியைக் கரைக்கக் கூடாது. ஓட்டைக்குள் பென்சிலை விட்டுக் கையாலேயே சுத்துவோம். நீட்டிவிட்டுச் சும்மா திரும்பி வரவும் ஏலாது. "எப்படி இருந்திச்சி?" என்று கேட்பார்கள். "நல்லம்" என்று மட்டும் சொன்னால் நீ கேட்கவில்லை என்று அர்த்தம். எந்தப் பாட்டு, எந்த இடம், ஆர்மோனியம் எங்கே தனித்து வந்தது, கூடப் பாடியவர்கள் எங்கே பிந்தினார்கள் என்று சொல்ல வேண்டும். உற்றுக் கேட்க நான் பழகியது அந்த வாசல்களில்தான்.

பெரிய வழக்கு, இஸ்லாமியப் பாட்டில் நாகூர் ஈ.எம்.ஹனீபாவா காயல் ஷேக் முகம்மதுவா என்பது. சூடடிக்கும் நாளில் களவெட்டியில் தொடங்கும் பேச்சு, பின்னேரம் குளத்துக்கட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் முடியாது. தண்ணீருக்கு மேலால் குரல் போகும். அக்கரையில் எருமைப் பட்டி சாய்க்கிறவர்கள் நின்று கேட்பார்கள். வாப்பாவும் சாச்சாவும் ஹனீபா பக்கம். மாமாவின் மகன், என்னை விடப் பத்து வயது மூத்த மச்சான், ஷேக் முகம்மது பக்கம்.

"ஹனீபா தூரத்துல நிண்டு கூப்பிடுறாரு. ஷேக் முகம்மது பக்கத்துல குந்தியிருந்து பேசுறாரு" என்பார் மச்சான்.

"கூப்பிட்டாத்தான்டா நீங்க எழும்புவீங்க" என்பார் சாச்சா.

ஹனீபா பக்கத்தின் பெரிய சாட்சி 'பாவமன்னிப்பு'. 1961இல் வந்த அந்தப் படத்தில், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், டி.எம்.சௌந்தரராஜனும் ஹனீபாவும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார்கள். இலங்கை வானொலியில் அது வந்தால் வாப்பா பேச்சை நிறுத்தச் சொல்வார். சௌந்தரராஜனுக்குப் பக்கத்தில் நின்றும் குரல் குன்றாத ஆள் வேறு யார் என்பது அவருடைய கேள்வி. இன்று கேட்டாலும் வாப்பா சொன்னது சரியென்றுதான் படுகிறது. அந்தப் பாட்டில் ஹனீபா வருமிடத்தில் கூட்டம் பெருகியதுபோல் இருக்கும், பாடுவது ஓராள்தான் என்றாலும்.

ஹனீபா பிறந்தது ராமநாதபுரத்தில் என்பதோ, தமிழ்நாட்டில் தி.மு.க. மேடைகளிலும் அவர் குரல்தான் முழங்கியது என்பதோ எங்களுக்குத் தெரியாது. ஒரு கசெட்டில் நபி புகழ் பாட்டுகளுக்கு நடுவே உதயசூரியனைப் பாடும் ஒரு கட்சிப் பாட்டும் பதிவாகி வந்திருந்தது. உதயசூரியன் என்றால் எங்கள் பக்கத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னம். ஹனீபா எப்போது கூட்டணியில் சேர்ந்தார் என்று பெரியவர்களே ஒரு கிழமை குழம்பினார்கள்.

உம்மாவின் தீர்ப்பு குசினியிலிருந்து வரும். ஷேக் முகம்மதுதான் அவவுக்கு. "நோன்புக்குச் சஹர் ஆக்கக்குள்ள கேக்கலாம். புள்ளயள் எழும்பாது" என்று காரணம் சொல்வா. பட்டரிக் காசு அவவுடையது என்றபடியால் அந்தத் தீர்ப்புக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு வகை மரியாதை இருந்தது: நேரில் கேட்டவர் என்ற மரியாதை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி நாகூர்க் கந்தூரிக்குப் போய் வந்தவர். திரும்பும் வழியில் ஒரு கலியாண வீட்டில் ஹனீபாவைக் கேட்டதாகச் சொல்வார். உச்சிக்குப் போகும்போது அவர் மைக்கிலிருந்து ஒரு முழம் விலகினார், ஆனாலும் பந்தலின் கடைசியில் நின்ற எனக்கு ஓர் எழுத்தும் தப்பவில்லை என்பார். இந்த ஒரு முழத்தை அவர் கையால் அளந்து காட்டும்போது மச்சானும் வாய் பேச மாட்டார். எந்தக் கசெட்டை யார் வைத்திருந்தாலும் அந்த ஒரு முழம் எந்த நாடாவிலும் இல்லை.

மூத்தாப்பா இந்த வழக்கில் சேரவே மாட்டார். பொல்லடியில் அண்ணாவியாரோடு இளம் வயதில் கோலடித்தவர் அவர். வட்டையில் காவலிருக்கும்போது கவி சொல்வார். "பாட்டெண்டா பாடுற ஆள் உன்னப் பாக்கணும் மனே. நாடாக்காரன் யாரப் பாத்துப் பாடுறான்?" என்று ஒருமுறை கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ்வின் பெயரால் வருடாவருடம் கொடியேறும். ஜமாதுல் ஆகிர் பிறை பார்த்துத் தொடங்கி, பன்னிரண்டு நாள் கழித்துக் கந்தூரியோடு முடியும். அந்த வருடம் அது மார்ச் நடுவில், மாரி வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு வந்தது. எல்லார் மடியிலும் காசு. மூத்தாப்பா, சாச்சா, மச்சான், நான். அக்கரைப்பற்றுக்குப் போய் அங்கிருந்து வடக்கே பஸ் பிடித்தோம். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஒவ்வோர் ஊரிலும் ஆள் ஏறி, கடைசியில் என் கால் தரையில் படவில்லை. சாச்சாவின் மடியில் ரேடியோ கசெட், துவாயால் சுற்றியபடி. பையில் அறுபது நிமிட வெறும் கசெட் ஒன்று.

இஷாவுக்குப் பிறகு பக்கீர் பாவாமார் றிபாய் ராத்தீபுக்கு இருந்தார்கள். ஒரு பாவா றபானை நெருப்புக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்ததை நான் மிகக் கிட்ட நின்று பார்த்தேன். கடற்காற்றில் ஈரம் ஏறித் தோல் தளர்ந்திருந்தது. அவர் வட்டமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவார், விரல் நுனியால் சுண்டுவார், காதில் வைப்பார், மீண்டும் நெருப்புக்குக் கொண்டுபோவார். முதலில் 'தொப்' என்று கிடந்த சத்தம் மெல்ல மெல்ல இறுகி 'திண்' என்று வந்தபோது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சரியா என்று என்னைக் கேட்டதுபோல இருந்தது. நானும் தலையாட்டினேன்.

பிறகு பைத் தொடங்கியது. முதலில் நடை மெதுவாகத்தான் இருந்தது. அரபும் தமிழும் கலந்து வந்தது. ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்கினார்கள். வேகம் எங்கே கூடியதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் என் நெஞ்சு அடிப்பதும் றபான் அடிப்பதும் ஒன்றாகியிருந்தன. கம்பியால் குத்திக்கொள்ள ஒருவர் எழும்பியபோது மூத்தாப்பா என் கண்ணைப் பொத்தினார். காதைப் பொத்தவில்லை. பொத்திய கைக்குள்ளே இருட்டில் கேட்டதைத்தான் இன்றுவரை நான் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாச்சா இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்து போட்டால், காற்று. காற்றுக்குப் பின்னால் அலை. அலைக்குப் பின்னால் எங்கோ யாரோ தகரத்தில் தட்டுவதுபோல ஒரு சத்தம். இடையில் கச்சான் விற்கிறவரின் குரல் மட்டும் தெளிவாக. கேட்க வந்த அயலவர் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். சாச்சாவுக்கு முகம் செத்துவிட்டது. மூத்தாப்பா ஒன்றும் சொல்லவில்லை.

புதுக் கசெட்டுக்குக் காசில்லாமல் சாச்சா அதையே அக்கரைப்பற்றில் ஒரு றெக்கோடிங் பாரில் கொடுத்து, மேலால் ஹனீபாவைப் பதிந்து கொண்டுவந்தார். கசெட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பல்லை உடைத்திருந்தால் அழிக்க ஏலாமல் போயிருக்கும். அது எங்களுக்குத் தெரிந்திருந்தும் உடைக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு, முப்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய. சைட் பியில் ஏழாவது பாட்டு முடிந்ததும் 'டக்' என்று ஒரு வெட்டு. அதன்பின் நாடா தீரும் வரை இரண்டு நிமிடம், பழைய கடல். அங்கே மட்டும் சாச்சா எப்படியோ முன்னுக்குப் போயிருக்கிறார். றபான் நன்றாகவே கேட்கும். நடுவில் மூத்தாப்பாவின் குரல்: "கிட்டப் போ மனே, கிட்டப் போ."

ஹனீபாவின் அந்தப் பதினாலு பாட்டும் ஊரில் பத்து வீட்டில் இருந்தன. என்றாலும் எங்கள் கசெட்டைத்தான் தேடி வந்தார்கள். "கடல் வாற கசெட் கிடக்கா?" என்று கேட்பார்கள். திருப்பித் தரும்போது ஹனீபாவைப் பற்றி ஒரு சொல், அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிப் பத்துச் சொல்.

அடுத்த வருசத் தொடக்கத்தில் மச்சான் சவூதிக்கு வேலைக்குப் போனபோது, ஷேக் முகம்மதுவின் ஆள், போயும் போயும் இந்தக் கசெட்டைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் ரியாத்திலிருந்து கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். அறையில் காயல்பட்டினத்து ஆள் ஒருவர் இருக்கிறாராம். ஹனீபா பாடி முடியும் வரை சும்மா படுத்திருந்தவர், கடல் வந்ததும் எழும்பி உட்கார்ந்து, இது எங்க ஊர்க் கடல் என்றாராம். இல்லை, கல்முனைக்குடிக் கடல் என்று இவர். அலை அடிக்கும் விதத்தை வைத்து இரவு முழுக்க வழக்காம். கடைசியில் அந்த ஆள், இதற்கு முன்னாலே உள்ளதையும் அனுப்பச் சொல்லுங்கள், முழுக்கக் கேட்டால்தான் தீர்ப்புச் சொல்வேன் என்றாராம்.

முன்னாலே உள்ளதை எங்கே போய்த் தேடுவது என்று சாச்சா தலையில் கை வைத்தார். மூத்தாப்பா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடித்துத் தந்தார்.

"அடுத்த கொடியேத்தத்துக்கு அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு வரச்சொல்லி எழுது மனே."