நீலப் பூனையின் மூன்றாவது குரல்

2005 மார்ச் 18, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் டிவி அசாஹி அலைவரிசையில் ஓடிய டோரேமான் அனிமே தொடரில் நொபுயோ ஓயாமா கடைசி முறையாக டோரேமானாகப் பேசினார். 1979 ஏப்ரல் முதல் 26 ஆண்டுகள் அந்த நீலநிற எந்திரப் பூனைக்கு அவர்தான் குரல். நோபிதா என்ற சிறுவன், அவன் நண்பர்கள் ஷிசுகா, ஜியான், சுனியோ ஆகிய நால்வருக்கும் பேசிவந்தவர்களும் அவரோடு சேர்ந்தே விடைபெற்றார்கள். நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, அதே முகங்கள் ஐந்து புதிய குரல்களில் பேசின.

ஜப்பானில் பல வீடுகளில் அது ஒரு சாவுச் செய்தியைப் போல விழுந்தது. புது டோரேமான் வாசாபி மிசுதாவின் குரல் மெல்லியது, துள்ளலானது. ஓயாமாவுடையதோ அடித்தொண்டையிலிருந்து கரகரத்து வருவது. பிள்ளைகள் சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள். அவர்களைப் பெற்றவர்களால் முடியவில்லை. அசல் குரலை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திவிட்டார்கள் என்பதுதான் பெரியவர்களின் மனக்குறை.

அந்த அசல் எங்கே தொடங்கியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். தேடல் 1979இல் நிற்கவில்லை.

அதற்கும் ஆறு ஆண்டு முன்பே, 1973 ஏப்ரலில், நிப்பான் டிவியில் ஒரு டோரேமான் வந்திருக்கிறது. ஞாயிறு மாலை ஏழு மணி. அதே நேரத்தில் ஃபூஜி டிவியில் மாசிங்கர் இசட் என்னும் ராட்சத ரோபோவின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறே மாதத்தில் டோரேமான் தொடர் முடிந்தது. தயாரித்த நிறுவனமும் இழுத்து மூடப்பட்டது. இந்தத் தொடரில் டோரேமானுக்கு முதலில் பேசியவர் கோசெய் தொமிதா. ஆண் குரல், அதிலும் நடுத்தர வயதுக்காரரின் கனத்த குரல்! பாதியில் அவரை மாற்றி மசாகோ நொசாவாவைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் டிராகன் பால் தொடரின் கோகுவாக உலகம் அறிந்த அதே நொசாவாதான். ஆக, ரசிகர்கள் அசல் என்று காத்து நின்ற குரல் வரிசையில் மூன்றாவது.

அந்தப் பழைய நடிகர் பட்டியலைப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 1973இல் ஜியானுக்குப் பேசியவர் கனேதா கிமோத்சுகி. 1979 தொடரில் அவர்தான் சுனியோ. நொரிகோ ஓஹாரா முதல் தொடரில் நோபிதாவின் அம்மா; இரண்டாவதில் நோபிதாவே அவர்தான். மகனைத் திட்டிக்கொண்டிருந்தவர் ஆறு வருடம் கழித்து மகனாகித் திட்டு வாங்கியிருக்கிறார். மாற்றவே முடியாதது என்று ஒரு தலைமுறை நம்பிய கூட்டணி, இப்படி இடம் மாறி உட்கார்ந்தவர்களால் ஆனது.

இதனால் ஓயாமாவின் பெருமை எள்ளளவும் குறையாது. அவர் செய்தது சாதாரண வேலையல்ல. சிறுமியாக இருந்தபோது அந்தக் கட்டைக் குரலுக்காகப் பள்ளியில் கேலி செய்யப்பட்டவர் அவர். ஒளித்துவைக்காதே, அதைப் பயன்படுத்து என்று அவருடைய தாய் தேற்றியதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். டோரேமான் வாய்ப்பு வந்ததும் மூலச் சித்திரக்கதையை எடுத்து வாசித்தார். குழந்தையைக் கவனித்துக்கொள்ள எதிர்காலத்திலிருந்து அனுப்பப்பட்ட ரோபோவின் வாயில் கெட்ட வார்த்தை வராது என்று முடிவு செய்தார். தன்னை அறிமுகப்படுத்தும்போது பணிவாகப் பேசுவதும், அந்தத் தனிச் சிரிப்பும் அவர் சேர்த்தவை. எழுத்தில் இல்லாத ஒரு வளர்ப்பை அந்தப் பூனைக்குக் கொடுத்தார்.

படைத்தவரும் அதை ஏற்றுக்கொண்டார். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற பெயரில் எழுதிய ஹிரோஷி ஃபுஜிமொதோவுக்கு 1973 தொடர் பிடிக்கவில்லை. ஓயாமாவைச் சந்தித்தபோது, டோரேமானின் குரல் இப்படித்தான் இருக்குமென்று இப்போதுதான் தெரிகிறது என்ற பொருளில் அவர் பேசியதாக ஓயாமா நினைவுகூர்ந்திருக்கிறார். காகிதத்தில் பூனையைப் பெற்றவர், அதன் குரலை இன்னொருவரிடம் கேட்டு அறிந்திருக்கிறார்!

என் தேடலில் மிகவும் பிடித்த இடம் 1995இல் இருக்கிறது. டோரேமானின் பிறப்பைச் சொல்லும் குறும்படம் அந்த ஆண்டு மார்ச்சில் வெளியானது. அதில் 2112இல் உருவாகும் டோரேமான் மஞ்சள் நிறம், காதுகள் உண்டு, குரல் தெளிவானது. அந்தக் குரலைக் கொடுத்தவர் தங்கை டோராமிக்குப் பேசிவந்த கெய்கோ யோகோசாவா. காதுகளை எலி கடித்துவிடுகிறது. அழுது அழுது மஞ்சள் உதிர்ந்து உடல் நீலமாகிறது, தொண்டையும் கரகரத்துப் போகிறது. அதன்பின் ஓயாமா பேசுகிறார். அதாவது, ஒரு நடிகையின் தொண்டை வாகு பாத்திரத்தின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது. குரல் மாறிய கதையை டோரேமான் தன் கதைக்குள்ளேயே வைத்திருந்தது.

அப்படிப் பிணைந்துபோன குரலை ஏன் விட வேண்டும்? 2001இல் ஓயாமாவுக்கு மலக்குடல் புற்றுநோய் கண்டது. தான் இல்லாத நாளிலும் டோரேமான் இருக்க வேண்டுமென்றால் இருக்கும்போதே ஒப்படைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது. யாரும் அவரைத் துரத்தவில்லை. கோபப்பட்ட ரசிகர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருப்பார்கள்!

லூபின் என்ற இன்னொரு அனிமே தொடரில் நடந்தது வேறு. 1995இல் லூபினுக்குப் பேசிவந்த யசுவோ யமதா காலமானதும், அவரைப் போலவே பேசிக் காட்டிவந்த பலகுரல் கலைஞர் கான்இச்சி குரிதா அந்த இடத்துக்கு வந்தார். இறந்தவரின் சாயலே அங்கே தகுதி. டோரேமான் குழு அந்த வழியில் போகவில்லை. ஓயாமாவைப் போல மிசுதா பேசவில்லை; புதிய ஜியானாக லைப்சிக்கில் பிறந்த 14 வயதுப் பள்ளி மாணவன் சுபாரு கிமுராவைத் தேர்ந்தார்கள். துணிச்சலான முடிவு அது. சரியான முடிவும்கூட என்பேன். நகல் எடுத்திருந்தால் ஒவ்வொரு வசனத்திலும் ஓயாமா இல்லாததுதான் கேட்டிருக்கும். ஆனாலும் வருந்தியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தங்கள் பிள்ளைப் பருவ மாலைகளில் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை அவர்கள் இழந்தார்கள். 2024 ஜூலையில் ஓஹாராவும் செப்டம்பரில் ஓயாமாவும் மறைந்தபோது, இருபது ஆண்டு பழைய அந்தத் துக்கம் மறுபடி வெளியே வந்தது.

இன்னும் சரியாகக் கேட்கக் கிடைக்காதது முதல் குரல். 1973 தொடர் குறுந்தகடாகக்கூட வெளிவரவில்லை. எஞ்சியிருப்பவை சில படச்சுருள்கள்தான். அந்தத் தொடரின் தயாரிப்பில் இருந்த ஒருவர் தன்னிடம் இருந்தவற்றை ரசிகர் கூட்டங்களில் திரையிட்டுக் காட்டியிருக்கிறார். அவற்றை முறையாகச் செப்பனிட்டு வெளியிட வேண்டும். தொமிதா 2020இல் காலமாகிவிட்டார். 1936இல் பிறந்த நொசாவா எண்பதைத் தாண்டியும் கோகுவாகப் பேசியவர். அந்த ஆறு மாதத்தைப் பற்றி அவரிடம் விரிவாகக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.