குடை இலவசம்

டிசம்பர் 21, 2023, வியாழன்

நேற்று ராத்திரிதான் கரன்ட் வந்தது. பீஸ் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்கப் புதியம்புத்தூருக்குத் தைத்துக் கொடுத்த கணக்கு. அதில் பாதி ஊறி, மை பரவி, எத்தனை டஜன் என்று எனக்கே தெரியவில்லை. தைக்கிற மிஷின் மோட்டாரைக் கழற்றி வெயிலில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் கேபிள் பாக்ஸ். அதைச் சாய்த்தால் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான ஆட்களோடு நின்றுவிட்டது. எல்லாம் எங்கள் மாவட்டத்தில் நடந்தது. ஆனால் எங்களுக்கு இன்றுதான் தெரியும். டவர் வந்ததும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மகன் போன் போட்டுச் சொன்னான். உலகமே பார்த்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

டிசம்பர் 22

அத்தை இன்றும் ஒன்பதரைக்கு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

டிசம்பர் 27

கேபிள்காரத் தம்பி வந்தான். பைக்கில் ஏணி, தோளில் ஒயர்ச் சுருள், முழங்கால் வரை கரிசல் சகதி. "அக்கா, போஸ்ட்டோட சாஞ்சு கெடக்கு. எங்கன அந்துருக்குன்னு தேடிக்கிட்டே வாரேன். இந்த மாசம் துட்டு வேண்டாம்" என்றான்.

அத்தைக்கு ஒயரைப் பற்றிக் கவலை இல்லை. "எதிர்நீச்சல்ல என்னய்யா ஆச்சு?" என்றார். மாரிமுத்து செப்டம்பரில் செத்துப்போனதிலிருந்தே அத்தைக்கு அந்த நாடகத்தின் மேல் ஒரு கோபம். வேல ராமமூர்த்தி வந்த பிறகும், "இவரு நல்லாத்தான் பண்ணுதாரு, ஆனா அவரு மாதிரி வருமா" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பார்ப்பார். அவன் திண்ணையில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த கதையைச் சொன்னான். பாதி கற்பனையாகத்தான் இருக்கும். அவன் வீட்டிலும்தான் கரன்ட் இல்லாமல் கிடந்ததே.

ஜனவரி 3, 2024

மகன் போனில் ஒரே பிடியாக நிற்கிறான். "கேபிளை வெட்டிருங்கம்மா. இனிமே யாரு கேபிள் பாக்கா? எல்லாம் ஆப்புதான். மாசாமாசம் 230 ரூவா தெண்டம்."

தெண்டம்தானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மறுபடி தொடங்கியபோது மாதம் 70 ரூபாய். 2019 பிப்ரவரியில் டிராய் புது விதி போட்டது. நூறு சேனலுக்கு 130, அதன் மேல் 18 சதவீத வரி, கட்டணச் சேனலுக்குத் தனித்தனி விலை. சன் டிவிக்கு மட்டும் 19. விருப்பப்பட்ட சேனலுக்கு மட்டும் கொடுத்தால் செலவு குறையும் என்றார்கள். விருப்பப்பட்டதையெல்லாம் டிக் போட்டுவிட்டுக் கூட்டினால் பழைய பில்லைத் தாண்டிவிட்டது. இங்கிலீஷையும் இந்தியையும் அடித்த பிறகுதான் 230-இல் வந்து நின்றது.

அவன் சொல்கிற வழி: ஃபைபரில் குறைந்தது 399, வரியோடு 470 ரூபாய் 82 காசு. நெட்ஃபிளிக்ஸ் 149, அதுவும் போனில் மட்டும். பிரைம் வருஷத்துக்கு 1,499. அத்தையின் நாடகத்துக்கு இன்னொரு ஆப். இது குறைக்கிற கணக்கா? கேட்டால், "இன்டர்நெட்டும் சேந்து வருதுல்ல" என்கிறான்.

நியூஜெர்சியில் இருக்கிற சித்தப்பா மகளிடமும் கேட்டேன். கேபிளைவிட மலிவு என்று அங்கே எல்லோரும் யூடியூப் டிவிக்கு மாறினார்களாம். 2017-இல் 35 டாலர். இப்போது 72.99. நம் காசில் ஆறாயிரம். அவள் மலிவும் என் மலிவும் ஒரே கடையில் வாங்கியதில்லை.

ஜனவரி 16

பொங்கலுக்கு வந்தவன் சட்டைப்பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தான். டிவியின் பின்னால் செருகினால் போதுமாம். செருக இடமில்லை. எங்களுடையது கலைஞர் ஆட்சியில் இலவசமாகக் கொடுத்த டிவி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஓட்டை, அவ்வளவுதான். பதினான்கு வருஷம் ஒரு ரிப்பேர் இல்லை, பெட்டி மேலே உயரத்தில் இருந்ததால் வெள்ளத்திலும் தப்பியது. அதைப் போய் முறைத்துப் பார்க்கிறான்.

சாயங்காலம் 32 இஞ்ச் டிவிக்கு இஎம்ஐ போட்டுவிட்டான். 230 ரூபாயை மிச்சம் பிடிக்க.

ஜனவரி 20

பொதிகை இனிமேல் டிடி தமிழாம். நேற்று சென்னையில் பிரதமர் தொடங்கி வைத்திருக்கிறார். டிடி ஃப்ரீ டிஷ் வாங்கினால் மாதக் கட்டணமே இல்லை என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். தட்டு வாங்குகிற செலவு மட்டும்தான். ஆனால் அதில் வருவது முக்கால்வாசி இந்தி. சன் இல்லாத தட்டு அத்தைக்கு எதற்கு?

அத்தைக்கு இதைக் கேட்டதும் பழைய ஞாபகம். எண்பதுகளில் மாமா மூங்கிலையும் பைப்பையும் சேர்த்துக் கட்டி ஏற்றிய ஆண்டெனாவில் சிலோன் ரூபவாஹினி தெரியுமாம். டெல்லி வராத ஊருக்குக் கொழும்பு வந்தது. காற்று மாறினால் படம் போய்விடும், மாமா மாடியில் நின்று திருப்ப, கீழேயிருந்து "வந்துட்டு, வந்துட்டு" என்று தெருவே கத்துமாம். "அதுக்கு யாருக்குத் துட்டு குடுத்தோம்? கடல்காத்துக்கா?" என்றார்.

ஜனவரி 25

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் பேச்சு. ஒட்டப்பிடாரத்துப் பிள்ளைக்குத் தலைப்பு வேறு என்ன இருக்கும்? வ.உ.சி. நினைவு இல்லத்துக்கு இரண்டு தடவை போய்க் குறிப்பு எடுத்து வந்தாள். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் சுவரைப் பார்த்து ஒப்பித்தாள்.

1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணா என்றது. உடனே அவர்கள், சும்மாவே ஏறுங்கள், ஏறுகிறவருக்கு ஒரு குடையும் இலவசம் என்றார்கள். இந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். 1908-இல் சிதம்பரனாரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1911-இல் கம்பெனியைக் கலைத்தாயிற்று.

அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே, "சும்மா கூட்டிட்டுப் போய், கையில குடையும் குடுத்தா ஏறாம இருப்பாகளா? எங்க தாத்தாவே ஏறியிருப்பாரு" என்றார்.

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆச்சி, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது!" எனக்குச் சிரிப்பு. அத்தையின் அப்பா வழித் தாத்தாவுக்குக் கொழும்பில் கடைவேலை. ஏறித்தான் இருப்பார்.

பிப்ரவரி 5

கேபிளை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கேபிள்காரத் தம்பி ஒன்றும் சொல்லாமல் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஃபைபர் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. அதுவரை மகன் போட்ட சிம்மிலிருந்து ஹாட்ஸ்பாட்.

பிப்ரவரி 11

தினம் ஒன்றரை ஜிபி. மூன்று நாடகத்தில் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு வட்டம் சுற்றுகிறது. அத்தை அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 5

அத்தையின் பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாளாம். என்னிடம் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "அஞ்சாந்தேதி அவன் வருவான்லா, அவன்ட்ட சீட்டு குடுத்துவிடுவேன்" என்றார்.

எனக்கு இது தெரியாது. மாதாமாதம் பில்லுக்கு வருகிறவன் சீட்டை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் மாத்திரையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். போன வருஷம் சுவிட்ச் போர்டு மாற்றியதும் அவன்தானாம். நான் மிஷின் முன்னால் இருந்தால் இடி விழுந்தாலும் கேட்காது, சரிதான். மத்தியானமே நடந்து போய் வாங்கி வந்தேன். தைத்துக் கொடுக்க வேண்டியதில் ஒரு டஜன் குறைந்தது.

மார்ச் 24

இவர் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு ஹார்பரிலிருந்து விடியற்காலை வந்தார். லோடுக்குக் காத்துக் கிடக்கிற நேரமெல்லாம் போனில் ஐபிஎல். ஜியோ சினிமாவில் சும்மாவே காட்டுகிறார்கள். 2022 ஏலத்தில் ஐந்து வருஷத்துக்கு டிவி உரிமை 23,575 கோடிக்கும், ஆப் உரிமை 23,758 கோடிக்கும் போனதாம். ஆப் டிவியை முந்திவிட்டது. அத்தை கேட்டார்: "அம்புட்டுக் கோடி குடுத்து வாங்குனவன் நமக்கு ஏன் சும்மா காட்டுதான்?"

இவர், "விளம்பரம்" என்றார். அத்தைக்கு அது போதவில்லை. எனக்கும்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டாயிற்று. வெயில்.

ஜூன் 8

எதிர்நீச்சல் முடிந்தது. அத்தை சாப்பிடவில்லை. "நல்லா முடிக்கல" என்று நாலு முறை சொன்னார். இனி என்ன பார்ப்பது என்று ஆப்பைத் திறந்து காட்டினேன். வரிசை வரிசையாகப் படங்கள். மேலே தள்ளினார், கீழே தள்ளினார், என் கையில் கொடுத்துவிட்டார். "நீயே ஏதாவது போடு. இதுல எட்டு மணிக்கு என்ன, ஒம்பதுக்கு என்னன்னு ஒண்ணும் இல்ல."

ஜூலை 3

ரீசார்ஜ் ஏறிவிட்டது. ஜியோவில் 239 இப்போது 299. 84 நாள் 666 இப்போது 799. ஏர்டெல், வோடபோன் எல்லாமே சொல்லி வைத்தாற்போல் ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நாலு சிம், டிவிக்காக மட்டும் ஒன்று, மொத்தம் ஐந்து. கணக்கு நோட்டின் முன்பக்கத்துக்குப் போய்ப் பெருக்கினேன். இங்கே எழுத மனமில்லை.

செப்டம்பர் 5

ஊரெல்லாம் மாலை, கொடி, மைக். மகள் போனை வைத்துக்கொண்டு நோண்டியவள், "அம்மா, ஜியோ வந்ததும் செப்டம்பர் 5 தான், 2016-இல. டிசம்பர் 31 வரைக்கும் ஃப்ரீன்னாங்க, அப்புறம் மார்ச் வரைக்கும் ஃப்ரீன்னாங்க. அன்னைக்கு வ.உ.சி. பிறந்து 144 வருஷம்" என்றாள்.

யூனிஃபார்மை அயர்ன் பண்ணு என்று அனுப்பினேன். அந்த வருஷம் சிம் வாங்க இவர் தூத்துக்குடியில் வரிசையில் நின்றார். நான்தான் அனுப்பினேன்.

மார்ச் 22, 2025

நோட்டு கிடைத்தது. மிஷின் மேசைக்குப் பின்னால் விழுந்து கிடந்திருக்கிறது.

இன்று ஐபிஎல் தொடக்கம். ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் பிப்ரவரி 14-இல் ஒன்றாகிவிட்டன. போன வருஷம் மாதிரிச் சும்மா இல்லை, மூன்று மாதத்துக்கு 149-இலிருந்து தொடங்குகிறது. 299-க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் பண்ணினால் 90 நாள் இலவசம். இவருக்குச் சந்தோஷம். 299-க்குத்தானே போடுகிறோம், அப்போது சும்மாதானே என்கிறார்.

மத்தியானம் கேபிள்காரத் தம்பி வந்தான், ஒரு வருஷத்துக்குப் பிறகு. இப்போது ஒரு கம்பெனிக்கு இன்டர்நெட் லைன் போடுகிறான். பாதி வீடு கேபிளை விட்டுவிட்டதாம், மிச்சம் பாதியில் பாதி மூன்று மாத பாக்கி. "அக்கா, உங்க தெருவுக்கு ஃபைபர் வந்துட்டு. நம்ம லைன்தான். முதல் மாசம் ஃப்ரீ. வேணும்னா பழைய பாக்ஸும் தாரேன், ஆச்சிக்கு" என்றான். முதல் மாதம் இலவசம் என்று சொல்லும்போது அவனுக்கே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

இரண்டாவது மாதம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு என்றேன். போனை எடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் அத்தை மாத்திரைச் சீட்டை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்துவிட்டார்.