மல்லாட்டையும் நான் சொன்ன தப்பான பதிலும்

நேற்று ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தேன். விழுப்புரம் திரும்பும்போது பஸ்ஸில் ஏறி விற்ற அம்மாவிடம் வேகவைத்த மல்லாட்டை இருபது ரூபாய்க்கு வாங்கினேன். உரித்த மூன்றாவது காய் பொக்கு. பொக்கைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாணவியின் ஞாபகம் வந்துவிடும். எழுத வேண்டும் என்று பல வருடமாகத் தள்ளிப்போட்ட விஷயம் இது.

வெளியூர் நண்பர்களுக்கு: மல்லாட்டை என்றால் நிலக்கடலைதான். மணிலாக்கொட்டை மருவி எங்கள் பக்கம் மல்லாட்டை ஆகிவிட்டது. விதை வாங்கும்போது டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று கேட்டிருப்பீர்கள். அந்த டி.எம்.வி. எங்கள் திண்டிவனம்தான். குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940-ல் வெளியிட்டது டி.எம்.வி. 2. திண்டிவனத்தில் எண்ணெய் வித்துக்களுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் வாசல் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

1990-களில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பள்ளியில் உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு, பிப்ரவரி மாதம். கரும்பலகையில் வேர், தண்டு, இலை வரைந்து, மண்ணிலிருந்து நீரையும் கனிம உப்புகளையும் உறிஞ்சுவது வேர், மேலே கொண்டுபோவது சைலம், இலை தயாரிக்கும் உணவைக் கொண்டுபோவது புளோயம் என்று வழக்கம்போல் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், எல்லாத்தையும் வேருதான் எடுக்குதுன்னா, விழுது எறங்கற நேரத்துல எதுக்கு சார் செடி ஓரமா ஜிப்சம் போட்டு மண்ணு அணைக்கறோம்?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "எல்லாம் வேர்தாம்மா எடுக்கணும். அடியுரம் போட்டாச்சுன்னா போதும், மத்ததெல்லாம் பழக்கத்துல செய்யறது. உட்காரு" என்றேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அவளே வந்து சொன்னாள். குறை சொல்லும் தொனியே இல்லை. "நீங்க சொன்னத அப்பாகிட்ட சொன்னேன் சார். இந்தவாட்டி ஜிப்சம் போடல. மல்லாட்டை நிறைய பொக்கா போயிடுச்சு."

அந்தச் சனிக்கிழமையே ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஒருவர் செடி ஒன்றைப் பிடுங்கி வந்து மேசைமேல் வைத்தார். மல்லாட்டை வேரில் காய்ப்பதில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மஞ்சள் பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. கருவுற்ற பிறகு சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு விழுதாகி, நுனியில் சூலைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. இருட்டில் போன பிறகுதான் பருக்கிறது. ஆக, அது மண்ணுக்குள் இருக்கும் கனி. இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாதது அடுத்தது. கால்சியம் சைலத்தில் தண்ணீரோடு போகிறது. தண்ணீர் எங்கே ஆவியாகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டம், அதாவது இலைக்கு. மண்ணுக்குள் கிடக்கும் காயில் நீராவிப்போக்கு எங்கே நடக்கும்? அதனால் சைலம் வழியே அங்கே கால்சியம் மிகக் குறைவாகத்தான் போகும். சர்க்கரை புளோயத்தில் இறங்கி வந்துவிடும், இலைக்குப் போன கால்சியம் அப்படித் திரும்பாது. ஆகவே காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தன் தோல் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு மூன்று அங்குல மண்ணில் அது இல்லாவிட்டால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. 40, 45-வது நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நீராவிப்போக்கு ஒரு பாடம், சைலம் ஒரு பாடம், கனி ஒரு பாடம் என்று மூன்றையும் தனித்தனியாக நடத்தி, தனித்தனியாகக் கேள்வி கேட்டு, மதிப்பெண்ணும் போட்டவன் நான். மூன்றும் ஒரே செடியில் நடக்கிறது என்பது அந்தப் பெண் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனைக்கும் நான் பி.எஸ்ஸி. தாவரவியல்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "கெணத்துலயும் தண்ணி வத்திப்போச்சு சார், அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க" என்றார் அவள் அப்பா. நிஜமாகவும் இருக்கலாம், என் மனசு நோகாமல் சொன்னதாகவும் இருக்கலாம். கிளம்பும்போது வேண்டாம் என்றாலும் கேட்காமல் பையில் ஒரு படி மல்லாட்டை போட்டுக் கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து நூறு காய் எண்ணி உடைத்தேன். 38 பொக்கு.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் பழைய எண்ணெய் டின்களில் ஆற்று மணல் நிரப்பி மல்லாட்டை விதைத்தோம். ஒரு டின்னில் ஜிப்சம், ஒன்றில் இல்லை. இன்னொன்றில் விழுதுகளை நூலால் கட்டி மண்ணைத் தொடாமல் தொங்கவிட்டோம், அவை காயாகவே இல்லை. ஜிப்சத்தை அந்தப் பெண்தான் கொண்டுவந்தாள். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "வீட்ல இருக்கு சார், அப்பா இந்தவாட்டி முன்னாடியே வாங்கி வெச்சிட்டாரு" என்றாள்.

விழுதுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? பொக்குக்கு வேறு சொல் உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.